இரண்டு படிக்கட்டுகள் உள்ள கோர்ட்

பர்மாவில் கியாக்தான் என்றால் எல்லோரும் ஆற்று நடுவே இருக்கும் பகோடாவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். படகு, கெளுத்தி மீன்களுக்குப் போடும் பொரி, வெயிலில் சுடும் தளம். அதில் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இது அதற்கும் அப்பால் இருக்கும் ஒரு சிற்றூரைப் பற்றியது. போன மழைக்காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது வண்டி ஜன்னலில் ஒரு கட்டடம் கடந்துபோனது. கீழே செங்கல். மேலே மரம். சுற்றிலும் தாழ்வாரம். வாசலில் ஒரு போலீஸ்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். அது வளர்ந்தால் இது என்ன ஆகும் என்று வண்டியில் யாருக்கும் தெரியவில்லை. யாரும் யோசித்ததாகவும் தெரியவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை தனியாகப் போனேன். சனி, ஞாயிறில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம்.

ஊரின் பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்களின் வழக்கு இன்னும் அந்த ஊர்க்காரர்களின் வாயில் இருக்கிறது. ஆட்களின் பெயர்களும் மாற்றப்பட்டவை. கட்டடத்தில் மட்டும் எதையும் மாற்றவில்லை.

*

காலை ஆறரைக்குத் தின்கன்ஜூனில் பஸ் ஏறினேன். தான்லின் பாலத்தில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அட்டையை மறந்துவிட்டு வராதீர்கள், பாலத்தைத் தாண்டமுடியாது. கியாக்தான் போய்ச் சேர எட்டே கால் ஆகிவிட்டது. கட்டணம் ஆயிரம் ச்சாட். நீங்கள் போகும்போது கூடியிருக்கும்.

அங்கிருந்து ஏழு மைல். பஸ் கிடையாது. சந்தை முனையில் மூன்று சக்கர வண்டிகள் நிற்கும். ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். ஒருவருக்கு மூவாயிரம். என் வண்டியில் ஒரு மூட்டை கருவாடு, இரண்டு பள்ளிக்கூட ஆசிரியைகள், ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தலையில் மல்லிகை. கல்யாணத்துக்குக் கட்டுவது போன்ற பட்டுத் தமெய்ன், பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் கைலி. முகம் கல்யாணத்துக்குப் போகிற முகம் அல்ல.

அம்மா போனில் கூப்பிட்டாள். தமிழில் பேசி வைத்தேன்.

"நீங்க தமிழ் ஆளா?" என்றார் அந்தப் பெண். "மூஞ்சியப் பாத்தா தெரியலையே. எந்த ஊரு?"

"தின்கன்ஜூன்."

"அங்கதான் என் தங்கச்சி இருக்கா. நேத்து ராத்திரி அவ வீட்டுலதான் படுத்தேன். வக்கீலப் பிடிக்கப் போனேன். அந்த ஆளு மோட்டார் சைக்கிள்ல வர்றேங்கறாரு. வருவாரோ மாட்டாரோ, புத்தருக்குத்தான் வெளிச்சம்."

அவர் பெயர் செல்வி. தையல் கடை வைத்திருக்கிறார். ஏழு மைலில் கதை முழுவதும் வந்துவிட்டது. அப்பா இறந்து மூன்று வருடம். அப்பா கட்டிய வீட்டில்தான் செல்வியும் அவருடைய இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். கீழே கடை, மேலே குடித்தனம். பபேடானில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன், அந்த மனை தன் அப்பாவுடையது, சித்தப்பா சும்மா குடியிருந்தவர்தான் என்று வழக்குப் போட்டிருக்கிறார். மனைக்குப் பழைய காகிதம் எதுவும் இல்லை. அப்போது அது மனையே இல்லை, சேற்றுக் குட்டை. செல்வியின் அப்பாதான் அதைத் தூர்த்து வீடு கட்டினார். அதைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். கோவிந்தன். முனிசிபல் வண்டிக்காரராக இருந்தவர்.

"போன ரெண்டு வாய்தாவுக்கும் மாமா வரல. ஒரு தடவ காய்ச்சல். ஒரு தடவ காய்ச்சல்னு சொன்னாரு. இன்னைக்கும் சாட்சி வரலைன்னா முடிச்சிருவேன்னு தயாதூஜி சொல்லிட்டாரு."

தயாதூஜி என்றால் நீதிபதி. முடித்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"என்ன ஆகும்? மிஷினத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு நடக்க வேண்டியதுதான்."

ஆசிரியைகளில் ஒருத்தி தமிழ் தெரியாமலே செல்வியின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் எதற்கு வந்தேன் என்று அவர் கேட்டார். கோர்ட்டைப் பார்க்க என்றேன். கேஸா என்றார். இல்லை, சும்மா பார்க்க என்றேன்.

"சும்மா பாக்கவா? நான் அது இடிஞ்சு விழட்டும்னு மூணு வருஷமா வேண்டிக்கிட்டிருக்கேன்."

*

வாசலில் அட்டையைக் காட்டினேன். செல்வியோடு வந்ததாக நினைத்து விட்டுவிட்டார்கள். படம் எடுக்கக் கூடாது. போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். பென்சிலுக்கும் தாளுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இனி கட்டடம்.

இது ஒரே ஒரு கட்டடம் அல்ல. வெள்ளைக்காரன் காலத்துப் பொதுப்பணித் துறை ஒரு வரைபடத்தைப் போட்டு வைத்துக்கொண்டு, டெல்டா முழுவதும் அதையே ஊருக்கு ஊர் கட்டிக்கொண்டு போயிருக்கிறது. இதன் சகோதரர்களை வேறு ஊர்களிலும் பார்த்திருக்கிறேன். ஒன்று பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. ஒன்று நெல் கிடங்கு. இது மட்டும் இன்னும் செய்யச் சொன்ன வேலையையே செய்துகொண்டிருக்கிறது.

கீழ்த்தளம் செங்கல் தூண்கள். ஆறு பெருகினால் தண்ணீர் தூண்களுக்கு நடுவே புகுந்து போய்விடும். மேல்தளம் தேக்கு. கூரை முன்பு ஓடு, இப்போது தகரம். மழையில் சாட்சி சொல்வது யார் காதிலும் விழாது. ஜூலையில் வழக்குகள் தள்ளிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தேநீர்க் கடையில் சொன்னார்கள்.

முன்பக்கம் அகலமான மரப் படிக்கட்டு, நட்ட நடுவில். நான்கு பேர் தோளோடு தோள் உரசாமல் ஏறலாம். ஏறியதும் தாழ்வாரம். தாழ்வாரத்துக்குப் பின்னால் கோர்ட் அறை. அறையின் கோடியில் மேடை, மேடைக்குப் பின்னால் நீதிபதியின் தனி அறை. எல்லாம் ஒரே நேர்கோடு. சாலையில் நிற்பவன் நிமிர்ந்தால் மேடை தெரிய வேண்டும் என்று வரைந்திருக்கிறார்கள். கீழிருந்து மேலே பார்க்கும் கோணம். அதிகாரத்துக்குச் செங்கல்லைவிட இந்தக் கோணம்தான் அதிகம் தேவைப்பட்டிருக்கிறது.

படியின் உச்சியில் ஒரு பலகை மட்டும் குழிந்திருக்கிறது. அங்கே நின்றுதான் சேவகர் பெயரைக் கூப்பிடுகிறார். ஊ லா என்பது அவர் பெயர். வெளுத்த காக்கிக் கோட்டு, கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலை. கட்சிக்காரர்களும் சாட்சிகளும் கீழே மரத்தடியிலும் எதிர்த் தேநீர்க் கடையிலும் காத்திருப்பார்கள். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது அழைப்பு முடிந்தும் ஆள் வரவில்லையென்றால் உள்ளே போய் "இல்லை" என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு ஓடி வந்து பயனில்லை. தாழ்வாரமும் அதற்கு ஏற்றபடிதான் இருக்கிறது. குவிந்த பலகைக் கூரை குரலை வாங்கிச் சாலைக்குத் தள்ளுகிறது. தேநீர்க் கடையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது.

பக்கத் தாழ்வாரங்களை அடைத்துவிட்டார்கள். பிளைவுட்டும் கண்ணாடியும். உள்ளே கட்டுக்கட்டாகக் கோப்புகள். அதனால் குரல் இப்போது முன்பக்கம் மட்டும்தான் போகிறது. இதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். கட்டடத்தின் குறை என்ற அளவில்தான் குறித்தேன்.

கோர்ட் அறையின் உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். பங்கா தொங்கியவை. மின்சாரம் வருவதற்கு முன் நீதிபதியின் தலைக்கு மேல் அசைந்த துணி விசிறிகள். கயிறு பின்சுவரின் ஓரத்தில் ஒரு துளை வழியாக வெளியே போகும். இழுக்கிறவன் வெளியே உட்கார்ந்திருப்பான். அவனுக்கு எதுவும் தெரியாது. அவனையும் யாருக்கும் தெரியாது. துளை இன்னும் இருக்கிறது. கீழ் விளிம்பு கயிறு உராய்ந்து வழவழப்பாகியிருக்கிறது.

அந்தத் துளையின் மறுபக்கத்தைப் பார்க்கத்தான் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன்.

*

பின்பக்கம் வேறு கட்டடம் போல இருந்தது. பூச்சு இல்லை. ஜன்னல்கள் சிறியவை. மூலையில் ஓர் இரும்புச் சுழற்படி, ஒரு ஆள் ஏறும் அளவுக்கு. அது நீதிபதியின் தனி அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கதவில் போய் முடிகிறது. இப்படிப்பட்ட கட்டடங்களைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இதற்கு "சேவைப் படி" என்று பெயர். அதற்கு மேல் ஒரு வரி இருக்காது. மேலே இருப்பது பழைய வாளிக் கழிப்பறை.

படியின் அடியில் ஒரு கிழவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, புது லுங்கி. குடையைப் படியின் கம்பியில் மாட்டியிருந்தார். ஒரு பூனையைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் படியை வரைய ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னா எழுதுற? யோன்ல வேல பாக்குறியா?" யோன் என்றால் இங்கே கோர்ட், ஆபீஸ் எல்லாம்.

"இல்ல மாமா. கட்டடத்தப் பாக்க வந்தேன்."

"கட்டடத்தையா? ஏன், அது என்னா தப்பு பண்ணுச்சு?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சாட்சி சொல்ல வந்திருக்கேன்," என்றார். "கூப்பிடுவாங்க."

"நீங்க கோவிந்தன் மாமாவா? செல்வி அக்கா கேஸா?"

"ஊரு பூரா தெரிஞ்சு போச்சா?" அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. "செல்விகிட்ட சொல்லு, மாமா ஏழு மணிக்கே வந்து குந்தியிருக்காருன்னு. காய்ச்சல் காய்ச்சல்னு என்னையப் பத்தி ஊர்ல சொல்லிட்டுத் திரியுறா."

முன்பக்கம் மரத்தடியில் நாற்காலி இருக்கிறதே, அங்கே உட்காரக் கூடாதா என்று கேட்டேன்.

"இதான் நம்ம எடம். எங்கப்பன் இங்கதான் குந்தியிருப்பாரு. நானும் வண்டி ஓட்டப் போறதுக்கு முந்தி இங்கதான். கூப்பிட்டா மேல போறது, வாளிய எடுக்கறது, எறங்கறது. வெள்ளக்காரன் போனான், பர்மாக்காரன் வந்தான், வாளி அதே வாளி." நிறுத்திவிட்டுப் பூனையைப் பார்த்தார். "கூப்பிட்டா இங்க கேக்கும். அந்தா, அந்தப் பொந்துல."

கயிற்றுத் துளையைக் காட்டினார். உண்மைதான். துளை வழியாக உள்ளே பேசுவது மங்கலாகக் கேட்டது. நாற்காலி இழுபடும் ஓசை. யாரோ தேதி வாசிப்பது. ஆனால் கூப்பிடுவது உள்ளே அல்ல. முன்தாழ்வாரத்தில். இதை நான் யோசித்து அவரிடம் சொல்ல வாயெடுத்தபோது கட்டடத்தின் முனையில் பட்டுத் தமெய்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செல்வி ஓடி வந்தார்.

"இங்கயா இருக்கீங்க? ஐயோ மாமா, ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு! 'ஊ போ தெயின், ஊ போ தெயின்'னு ஊரே எதிரொலிக்குது!"

ஊ போ தெயின் என்பது அவர் அட்டையில் இருக்கும் பர்மியப் பெயர்.

"எங் காதுல விழலையே."

"எப்பிடி விழும்? மரத்தடிக்கு வாங்கன்னு எத்தன தடவ சொன்னேன்! சரி, ஏறுங்க. இந்தப் படியில ஏறினா நேரா உள்ள போயிரலாம். சீக்கிரம்."

கோவிந்தன் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இரும்புப் படியை அண்ணாந்து பார்த்தார்.

"இதுல வரமாட்டேன்."

"என்னது?"

"முன்னாடி போறேன்."

"மாமா, சுத்திக்கிட்டுப் போறதுக்குள்ள மூணாவதும் கூப்பிட்டுருவாங்க! உங்க முட்டியோட முன்படி ஏறணும்!"

"ஏறுறேன்."

"என் வீடு மாமா!"

"தெரியும். உங்க வீட்டுக்கு மண்ணு கொட்டுனதே நான்தான்." லுங்கியை இறுக்கிக் கட்டினார். "அதுல ஏறுறவன் சாட்சியாம்மா? அதுல ஏறுறவன் வாளிக்காரன். இன்னைக்கு நான் சட்ட போட்டு வந்திருக்கேன்."

செல்வி தலையில் அடித்துக்கொண்டார். மல்லிகை உதிர்ந்தது. அவர் சொன்ன வசவுகளில் பாதி பர்மிய மொழியில் இருந்தன, அவற்றை எழுதவில்லை. பிறகு அவர் முன்பக்கம் ஓடினார். கிழவர் நடந்தார்.

நான் அவர் பக்கத்தில் நடந்தேன். கையைக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். கட்டடத்தின் பக்கச் சுவர் இவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தூண் தூணாகக் கடந்தோம். தலைக்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால், கோப்புக் கட்டுகள். ஒவ்வொரு தூணிலும் அவர் ஒரு கையை வைத்து எடுத்தார். செல்வி சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. அவருடைய மரியாதைக்கு விலை கொடுக்கப்போவது இன்னொருத்தியின் வீடு. இருந்தாலும் நான் அவரைத் திரும்பச் சொல்லவில்லை.

முனை திரும்பினோம். படியின் உச்சியில், குழிந்த பலகையின் மேல், ஊ லா நின்றுகொண்டிருந்தார். அவருடைய காலடியில் செல்வி. கும்பிட்டபடி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஊ லா அவரைப் பார்க்கவே இல்லை. சாலையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு கீழே, படியின் அடியில் வந்து நின்ற வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். உள்ளே இருந்து குமாஸ்தாவின் குரல் வந்தது: "ஊ லா, கூப்பிட்டாயிற்றா?"

"கூப்பிடுகிறேன்," என்றார் ஊ லா.

மூச்சை இழுத்தார்.

"ஊ…"

கோவிந்தன் முதல் படியில் காலை வைத்தார்.

ஊ லா அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு தீர்ந்ததும் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே குனிந்து வெற்றிலையைத் துப்பினார். நிதானமாக. வாயைத் துடைத்தார். கோட்டின் பித்தானைச் சரிசெய்தார்.

"போ…"

மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். தேநீர்க் கடையில் கரண்டிச் சத்தம் நின்றது. கிழவர் இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. முட்டி ஒவ்வொரு முறையும் யோசித்தது. யாரோ பர்மிய மொழியில், "கிழவரே, பெயர் முடியப்போகிறது!" என்று கத்தினார்கள். சிரிப்பு.

ஊ லாவுக்கு இருமல் வந்தது. நீண்ட இருமல். உண்மையான இருமல்தானா என்று சொல்லத் தெரியவில்லை.

"தெ…"

பாதிப் படி. முக்கால். செல்வி கையை நீட்டினார். கிழவர் அதைத் தட்டிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். கடைசிப் படியில் ஏறி, ஊ லாவுக்கு நேர் எதிரே, மூக்குக்கு மூக்கு நின்றார்.

"…யின்," என்று ஊ லா மெதுவாகச் சொல்லி முடித்தார், அவருடைய முகத்துக்கே.

"ஷிதே," என்றார் கோவிந்தன். இருக்கிறேன்.

*

சாட்சி சொன்னதை உள்ளே நின்று கேட்டேன். யார் வேண்டுமானாலும் நிற்கலாம். உட்காரத்தான் இடம் கிடைக்காது. துணி சுற்றிய ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்தார். அவருடைய பர்மிய மொழி என்னுடையதைவிடச் சுத்தம்.

செல்வியின் வக்கீல் எப்படியோ வந்து சேர்ந்திருந்தார், முட்டிவரை சேற்றோடு. அந்த மனை அப்போது எப்படி இருந்தது என்று கேட்டார். குட்டை என்றார் கோவிந்தன். யார் தூர்த்தது? செல்வியின் அப்பா. அது எப்படித் தெரியும்? வண்டி என்னுடையது. என் மாட்டின் கால் அந்தச் சேற்றில்தான் போனது.

பபேடான்காரரின் வக்கீல் எழுந்தார். சந்தன நிறச் சட்டை, நல்ல சிரிப்பு. எந்த மாடு எந்தச் சேற்றில் விழுந்தது என்பதற்கெல்லாம் இத்தனை காலம் கழித்து யார் சாட்சி என்று கேட்டார்.

கோவிந்தன் திரும்பி ஜன்னலைக் காட்டினார். "இந்தக் கோர்ட்டைச் சுற்றி மூன்று பக்கம் மதில்சுவர் இருக்கிறது. கிழக்கே முள்கம்பி. அந்தச் சுவர் எங்கே போனது?"

நீதிபதி நிமிர்ந்தார். அன்று அவர் நிமிர்ந்தது அப்போதுதான்.

"ஆற்று வெள்ளத்தில் விழுந்தது. செங்கல்லை அள்ளிப் போடச் சொன்னார்கள். எங்கே போடுவது? அவள் அப்பன் கேட்டான். கொடுத்தோம். குட்டையில் கொட்டினோம். அவள் வீட்டைத் தோண்டிப் பாருங்கள், அடியில் உங்கள் சுவர்தான் இருக்கும்."

அறையில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. எழுதினார். நானும் திரும்பிக் கிழக்கு ஜன்னலைப் பார்த்தேன். முள்கம்பியை என் வரைபடத்தில் போட்டிருந்தேன். ஏன் முள்கம்பி என்று கேட்டுக்கொள்ளவில்லை.

எதிர் வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார். மூன்றாவது அழைப்பு வரை எங்கே இருந்தீர்கள்?

"கீழே," என்றார் கோவிந்தன்.

*

பிறகு எதிர்க் கடையில் தேநீர். ஒரு கோப்பை ஆயிரத்து ஐந்நூறு. செல்வி என்னைக் கொடுக்க விடவில்லை. தீர்ப்புக்கு வேறு தேதி போட்டிருந்தார்கள். செல்விக்குக் கோபம் இன்னும் பாக்கி இருந்தது.

"அந்தப் படியில ஏறினா என்ன, தேஞ்சா போயிருப்பீங்க? தோத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"உன் மிஷின நான் தூக்கியிருப்பேன்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா?"

"மெதுவாத்தான் தூக்குவேன்." பலகாரத்தைத் தேநீரில் தோய்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, குடைய அங்கனயே வுட்டுட்டேன். போய் எடுத்தா. நான் இனி அந்தப் பக்கம் போகல."

போனேன். குடை கம்பியில் மாட்டியபடி இருந்தது. பூனை படியின் நடுவில் படுத்திருந்தது. அந்தச் சுழற்படியில் ஏறி, மேலிருக்கும் கதவையும் பழைய கழிப்பறையையும் பார்த்து வரைய வேண்டும் என்பது காலையில் என் திட்டம். புத்தகங்களில் இல்லாத படம் அது. யாரும் தடுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். என் தாளில் அந்தப் படி பாதியில் நிற்கிறது.

*

போக நினைப்பவர்களுக்கு.

வேலை நாளில் போங்கள், பத்து மணிக்குள். அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் கூட்டம். பலகைகளைப் பார்க்க முடியாது. அட்டை கட்டாயம். கேமரா வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். சாதாரணமாக உடுத்துங்கள். பார்க்க வந்தேன் என்று உண்மையைச் சொன்னால் சந்தேகப்படுவார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே இருக்கும் எல்லோருக்கும் அன்று ஏதோ ஒரு காரியம் இருக்கும், உங்களைத் தவிர. அதை நினைவில் வைத்துக்கொண்டு ஓரமாக நில்லுங்கள்.

கியாக்தானுக்குத் திரும்பும் கடைசி மூன்று சக்கர வண்டி மூன்றரைக்கு. மழைக்காலத்தில் அதற்கும் உறுதி கிடையாது. பகோடாவையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் அதைக் காலையில் வைக்காதீர்கள்.

முன்படி, குழிந்த பலகை, கொக்கிகள், துளை, கிழக்கு முள்கம்பி. இவற்றை விட்டுவிடாதீர்கள். பின்படியைக் கீழே நின்று பார்த்தால் போதும்.

புதுக் கட்டடத்தில் முதல் தளம் எழும்பிவிட்டதாகக் கேள்வி. அதில் ஒலிபெருக்கி வைப்பார்களாம். எல்லாப் பக்கமும் கேட்கும். நல்லதுதான்.

ஏப்ரலில், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்தில் செல்வி போன் செய்தார். வீடு அவருக்கே என்று தீர்ப்பு வந்துவிட்டது. பபேடான்காரர் மேல்முறையீடு போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போகட்டும் என்றார் செல்வி. பின்னணியில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கோவிந்தன் மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவருக்கென்ன. தேத்தண்ணிக் கடையில குந்திக்கிட்டு, கோர்ட்டுல தன்னைய நாலு தடவ கூப்பிட்டாங்கன்னு பீத்திக்கிட்டிருக்காரு. மூணுதான மாமான்னு கேட்டா சண்டைக்கு வர்றாரு. நீங்களே சொல்லுங்க தங்கச்சி, நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களே. மூணா, நாலா?"

அந்த மூன்றாவதின் நீளத்தை நேரில் கேட்டவள் நான். நாலு என்று சொன்னேன்.